வாப்பாவின் மோதிரம் பசார் மாலாமில் வாங்கியது அல்ல

கோலா சுங்கை பாரு,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

ஆயர் குரோவில் வசிக்கும் மதிப்பிற்குரிய மச்சான் அகீல் அவர்களுக்கு, உங்கள் தங்கை அஜீசாவின் கணவன் அப்துல் லத்தீப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம், என் வலது கை மோதிர விரலைத் தவிர. போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பாச்சாங்கில் நடந்த கல்யாணத்தில், பிரியாணிப் பந்தியில் அத்தனை பேருக்கு நடுவே, "எங்க வாப்பாவாவது பட்டாளமாவது! அந்த மோதிரத்த பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்கிட்டு வந்து கத விட்டாரு" என்று சிரித்தீர்கள். அந்த வெள்ளி மோதிரத்தை, என் மாமனார் மாமா மௌத்தான நாளிலிருந்து கைக்குட்டையில் முடிந்து வைத்திருப்பவள் உங்கள் தங்கை. ஜப்பான்காரன் வருவதற்கு முன் தொண்டர் படையில் லாரி ஓட்டினேன், வெள்ளைக்கார அதிகாரி பாராட்டிக் கொடுத்தது என்று மாமா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள். அன்று பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்துவிட்டாள். அதிலிருந்து உங்கள் பெயரை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுகிறாள், உள்ளே மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டு முன்புறம் இருக்கும் என் கடையில் உட்கார்ந்திருக்க நான் ஆளில்லை. மோதிரத்தின் வயதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

முதலில் மலாக்கா டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சீனரிடம் போனேன். பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, மோதிர முகப்பில் இருக்கும் கிரீடத்தைக் காட்டினார். அதன் உச்சி குவிந்திருந்தால் இங்கிலாந்து ராஜா காலம், அதாவது 1952க்கு முன். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ராணி காலமாம். "அப்ப இது என்ன காலம், தவ்க்கே?" என்று அந்தக் கடை முதலாளியைக் கேட்டேன். "தேஞ்ச காலம் லா" என்றார்.

தேய்ந்ததை அழுக்கு என்று நினைத்த அஜீசா, புளியும் உப்பும் போட்டு முகப்பை ஒரு தேய் தேய்த்தாள். மிச்சமிருந்த உச்சியும் போயிற்று. என் மகள் ஸுஹா கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி, "வாப்பா, இது ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, ஊத்தாப்பம் மாதிரி இருக்கு" என்றாள். வெயிலில் தெரியும் என்று வாசலுக்கு ஓடினேன். கால்வாயில் விழுந்துவிடுமோ என்று பயந்து விரலில் மாட்டிக்கொண்டேன், அங்கேதான் வந்தது வினை. மாமா மெலிந்த மனிதர், நானோ உங்கள் தங்கையின் கைச்சமையலில் ஊறியவன். உள்ளே போன மோதிரம் வெளியே வரவில்லை. சோப்பு, தேங்காய் எண்ணெய், மார்ஜரின் எல்லாம் போட்டு, விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்ததும் ஸுஹா என்னைக் காரில் ஏற்றி பொம்பா நிலையத்துக்குக் கொண்டுபோனாள்; சிக்கிய மோதிரத்தை அங்கேதான் அறுத்தெடுப்பார்களாம். நெருப்பை அணைக்கிறவர்களிடம் போய் விரலை நீட்ட எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அங்கிருந்த மலாய்த் தம்பி சின்ன ரம்பத்தை எடுத்து நேராகக் கிரீடத்தில் வைத்தார். "அங்க வேணாம்! விரல வேணும்னா வெட்டு, கிரீடத்த வெட்டாதே!" என்று கத்திவிட்டேன். "பாக்சிக், பெரியவரே, விரல் திரும்ப முளைக்காது" என்றார். ஒருவழியாக அடிப்பக்கமாக அறுத்து விரித்தார். எண்ணெயிலும் சோப்பிலும் ஊறி, உட்புறத்தில் பல வருஷமாகப் படிந்திருந்த அழுக்கு கழன்றிருந்தது. அங்கே ஒரு நங்கூரம், ஒரு சிங்கம், ஓர் எழுத்து! ஸுஹா அங்கேயே நின்று தேடிச் சொன்னாள்: நங்கூரம் என்றால் இங்கிலாந்து பர்மிங்காமில் முத்திரை குத்தியது, சிங்கம் என்றால் அசல் வெள்ளி, அந்த எழுத்து 1938ஆம் வருஷத்தைக் குறிப்பது.

பக்கத்திலேயே 'கே.எம்.' என்று யாரோ கீறிய இரண்டு எழுத்து. காதர் மொஹிதீன், உங்கள் வாப்பா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கென்னத் மில்லர்னு யாராவது வெள்ளைக்காரராவும் இருக்கலாம்ல வாப்பா?" என்கிறாள் ஸுஹா. "அவன் யாரு, நம்ம கல்யாணத்துக்கு வந்தானா?" என்றேன். இருக்கட்டும் மச்சான். மாமாவின் பெயர் என்றால் மோதிரம் மாமாவுடையது. வெள்ளைக்காரன் பெயர் என்றால் அதிகாரி கொடுத்தார் என்று மாமா சொன்னது உண்மை. எப்படிப் பார்த்தாலும் தோற்றது நீங்கள்தான்.

ஆகவே இதைப் படித்தவுடன் தங்கையை அழைத்து, வாப்பா பொய் சொல்லவில்லை என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை நாங்கள் உங்கள் வீட்டு வாசலை மிதிப்பதாக இல்லை. உங்கள் வீட்டு மச்சிக்கு ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் யோசித்துப் பேசும் குணத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத
அப்துல் லத்தீப்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அஜீசா பையும் கையுமாக வாசலில் நிற்கிறாள். உங்கள் மகள் மர்வாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறதாம், நீங்கள் போனில் அழைத்தீர்களாம், அண்ணனும் தங்கையும் அழுது சிரித்துப் பேசி முடித்தாகிவிட்டதாம். "மோதிரத்தப் பத்தி என்ன சொன்னாரு?" என்றேன். "அத யாருங்க இப்ப கேட்டா? புள்ளைக்கு மூக்கு அண்ணன் மாதிரியே இருக்காம். காரை எடுங்க" என்றாள். புறப்பட்டுவிட்டோம். கடிதத்தை என் கையாலேயே தருகிறேன். அவள் எதிரில் பிரிக்காதீர்கள், நாங்கள் வீடு திரும்பிய பிறகு படியுங்கள். ஆனால் படிக்காமல் விட்டீர்களோ, அடுத்த வாரம் நானே வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன்.