நிற்பதா, உட்காருவதா: உயர்மட்டக் குழுவின் முடிவு

மனித குலத்தை உலுக்கிய கேள்விகளுள் தலையாயது, கால்பந்தாட்டத்தை நின்று பார்ப்பதா, உட்கார்ந்து பார்ப்பதா என்பது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் இன்றுவரை விடை இல்லை. இதற்கு மட்டும் கிடைத்தது, அதுவும் இரண்டு விடைகள். இரண்டையும் கண்டுபிடித்த பெருமை ஒரே மனிதரைச் சேரும். அவர் நகரத்தின் பெரிய துணிக்கடைக்கு முதலாளி. கால்பந்துக் கழகத்துக்குத் தலைவர்.

அவர் கடையில் சட்டை எடுத்துப் போடும் பெண் ஒருத்தி இருந்தாள். கடையில் அவளுக்குப் பெயரே ‘சட்டைப் பிரிவு’தான். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். வேலை செய்கிறவர்களுக்கு அங்கே ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. போன மாதம் ‘துண்டுப் பிரிவு’ ஒரு துணிக்கட்டின்மேல் லேசாகச் சாய்ந்தாள். அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சட்டைப் பிரிவின் புருஷனோ பஸ் ஓட்டுநர். நாள் முழுக்க உட்கார்ந்தே முதுகு விறைத்துப்போனவர். வாரத்தில் ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டம் பார்க்கப் போவார்கள். மைதானத்தில் அப்போது வெறும் சிமெண்டுப் படிகள்தான். அவள் உட்காருவாள், அவர் நிற்பார். முன்னால் இருப்பவர்களும் நிற்பார்கள். ஆகவே அவள் பார்த்ததெல்லாம் ஊரார் முதுகுதான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டாள். “முன்னாடி நிக்கறவங்கல்லாம் உக்காருங்கய்யா! நாள் பூரா நின்னுட்டு இங்க வந்தா, உங்க முதுகையா பாக்கறது?”

அந்தக் குரல் தலைவரின் கண்ணாடி அறைக்கே கேட்டது. தலைவர்கள் மக்கள் குரலைக் கேட்பதில்லை என்று குறை சொல்கிறவர்கள் வெட்கப்பட வேண்டும். மறுவாரமே ‘நிற்றல் மற்றும் அமர்தல் உயர்மட்டக் குழு’ உதயமாயிற்று.

குழு மெத்தை வைத்த சுழல் நாற்காலிகளில் அமர்ந்தது. சாட்சி சொல்ல, கணவனையும் மனைவியையும் அழைத்திருந்தார்கள். குழுவின் கண்ணியம் கருதி, சாட்சிகள் உட்காருவதைப் பற்றி நின்றுகொண்டே பேச வேண்டும்.

“சார், எனக்குப் பொழப்பே உக்கார்றதுதான்” என்றார் ஓட்டுநர். “ஆட்டத்தையாவது நின்னு பாக்க விடுங்க. மைதானத்துல ஒரு பக்கம் நிக்கறவங்களுக்கு, இன்னொரு பக்கம் உக்கார்றவங்களுக்குன்னு பிரிச்சு விட்டா சண்டையே இல்லியே.”

குழு திடுக்கிட்டது. இவ்வளவு சுலபமான யோசனையை ஏற்றுக்கொண்டால், அப்புறம் குழு எதற்கு? அடுத்த சாட்சியை அழைத்தார்கள்.

கழக மருத்துவர் சட்டைப் பிரிவின் முழங்காலை அழுத்திப் பார்த்தார். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

“பாத்தீங்களா! தொண்ணூறு நிமிஷம் நின்னு ஆட்டம் பாத்ததோட விளைவு!”

“நான் உக்காந்துதான் பாப்பேன் டாக்டர். இது கடையில நின்னு வந்தது.”

“அது வேலைம்மா. வேலையில நின்னா வலிக்காது.”

மருத்துவ அறிவியல் அன்று ஒரு படி மேலே ஏறியது. தலைவர் கண் கலங்கிவிட்டார். “ஒருத்தர நிக்க வெக்கறது மாதிரி பாவம் உலகத்துல இல்ல. என் மைதானத்துல இனிமே ஒருத்தர்கூட நிக்கக் கூடாது!”

கைதட்டல் அடங்கியதும் அவள் மெல்ல வாயைத் திறந்தாள். “முதலாளி, கடையிலயும் ஒரு ஸ்டூல் போட்டீங்கன்னா…”

“இது கால்பந்துக் கூட்டம்மா. சம்பந்தமில்லாததப் பேசாத.”

நாற்காலிகள் வந்து இறங்கின. எல்லாம் பளபளக்கும் சிவப்பு. முதுகு சாயும் இடத்தில், ஒவ்வொன்றிலும், வெள்ளை எழுத்தில் தலைவரின் பெயர். அடுத்த ஆட்டத்தில் சட்டைப் பிரிவு உட்கார்ந்தாள், காலை நீட்டிக்கொண்டாள். முன்னால் யாரும் நிற்கவில்லை. கல்யாணமான நாளாக ஆட்டம் பார்க்க வருகிறாள். பந்தை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தில் ஓட்டுநர் நெளிந்தார். “இதுக்கு நான் பஸ்லயே இருந்திருப்பேன்.”

“எனக்காகப் பொறுத்துக்கங்களேன்.”

பொறுத்துக்கொண்டார்.

கண்ணாடி அறையில் தலைவர் அதே ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால் பெயரைக் காணோம். ஊரே அவர் பெயரின்மேல் சாய்ந்துகொண்டு ஆட்டம் பார்த்தது.

அவசரக் கூட்டம் கூடியது. உட்கார்ந்தால் ரத்தம் தேங்கும், மூளை மந்தமாகும், ஆயுள் குறையும் என்று அதே மருத்துவர் குழுவின் அதே சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி விளக்கினார். “நிமிந்து நிக்கறவன்தான்யா மனுஷன்!” என்று தலைவர் சாய்ந்துகொண்டே முழங்கினார். இனிப் பார்வையாளர்கள் நாற்காலிகளை மறைக்காமல், இடையில் உள்ள நடைவழிகளில் மட்டும் நிற்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அடுத்த ஆட்டத்தன்று நடைவழிகளில் ஜனம் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கியடித்தது. நாற்காலிகள் காலியாகப் பளபளத்தன. ஓட்டுநருக்கு ஆனந்தம். சட்டைப் பிரிவுக்கோ முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். கண்ணாடி அறையைப் பார்த்தாள். போய் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏய், முதலாளி பாத்துட்டா வேலை போயிடும்!”

“போகட்டும். கால் போனா யாரு குடுப்பா?”

ஓட்டுநர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு, உட்காருவதென்றாலே வெறுக்கும் அந்த மனிதர், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

தொலைக்காட்சியில் இரண்டு நாற்காலிகளில் பெயர் மறைந்தது. தலைவர் தாமே படியிறங்கி ஓடிவந்தார்.

“எந்திரி! என் பேரு மறையுது!”

“முதலாளி, கடையில நாற்காலி இல்ல, நின்னோம். இங்க இத்தன நாற்காலி இருக்கு, எல்லாத்துலயும் உங்க பேரு உக்காந்திருக்கு. அதுக்குமா கால் வலிக்குது?”

“நீ எந்திரிக்கிறவரைக்கும் நான் இங்கயே நிப்பேன்!” என்றார் தலைவர். சொன்ன வாக்கைக் காப்பாற்றும் உத்தமர். நின்றார். பாதி ஆட்டம் முடிந்தது. நெற்றி வேர்த்தது. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார். உட்கார இடம் தேடினார். சுற்றிலும் நாற்காலிகள்தான், எதில் உட்கார்ந்தாலும் மறைவது தம் பெயர். கேமரா வேறு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஐயோ, முழங்கால் உயிர் போகுதே!” என்று முனகினார்.

சட்டைப் பிரிவு பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேலையில நின்னா வலிக்காது முதலாளி. எங்கள நிக்க வெக்கறதுதான உங்க வேலை?”