ஜூபிலி ஒன், ஆம்பூர் ஒளிபரப்பு

உலக நாகரிகத்துக்கு ஆம்பூர் அளித்த கொடை தோலோடும் பிரியாணியோடும் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் திரு. ஞானமுத்துவை அறியாதவர்கள். கேபிளுக்குக் கட்டும் காசுக்கு மேல் தனியாக இன்னொரு காசு கட்டி, ஒரே ஒரு சேனலைப் பார்க்கும் உயர்ந்த பண்பாட்டை இங்கிலாந்திலிருந்து நேராக இங்கே இறக்குமதி செய்தவர் அவர்தான்.

ஞானமுத்து ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் சூப்பிரண்டெண்ட். கம்பெனியிலிருந்து வெளிநாடு போகும் இங்கிலீஷ் முழுதும் அவர் கை பட்டுத்தான் போகும். 1997இல் அவரை மூன்று வாரப் பயிற்சிக்கு இங்கிலாந்தின் நார்தாம்ப்டனுக்கு அனுப்பினார்கள். ஷூ பற்றி அவர் அங்கே என்ன கற்றார் என்பதற்கு ஆவணம் ஏதும் இல்லை. ஆனால் அவர் தங்கிய வீட்டில் 'ஜூபிலி ஒன்' என்ற கட்டணச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. வேறு சேனல்களில் இலவசமாக வந்து முடிந்துபோன நாடகங்களையே அது காசு வாங்கிக்கொண்டு மறுபடி காட்டியது. வீட்டுக்காரர் பீட்டர், ஆம்பூர் ஷூவை வாங்கும் நிறுவனத்தின் ஸ்டோர் கீப்பர். ஒரு நாடகத்தை அவர் ஐந்தாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏற்கெனவே பார்த்ததுதானே?" என்று கேட்டார் ஞானமுத்து.

"காசு கட்டியிருக்கிறேனே" என்றார் பீட்டர்.

ஒரு சிறு தீவு பாதி உலகத்தை எப்படி ஆண்டது என்பது அப்போதுதான் ஞானமுத்துவுக்கு விளங்கியது.

ஊர் திரும்பியதும் கேபிள் ஆபரேட்டர் ஜான் பாஷாவோடு 'உயர்மட்டப் பேச்சுவார்த்தை' நடத்தினார். பீட்டர் மாதம் நான்கு கேசட் பதிவு செய்து, தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படும் ஷூக்களோடு அட்டைப்பெட்டியில் வைத்துவிடுவார். பாஷா ஒளிபரப்புவார். சேனலின் லண்டன் தலைமையகத்தோடு உறவு நல்லெண்ண அடிப்படையில் அமைந்தது. விஷயம் லண்டனுக்குத் தெரியாததால் நல்லெண்ணத்துக்கு எந்தப் பங்கமும் வரவில்லை.

"காசு கட்டாதவன் வீட்ல வராம எப்படி தடுக்கறது பாய்?"

"தடுக்கவெல்லாம் முடியாது சார். வேணும்னா ஒரு பொட்டி குடுக்கலாம்."

பொட்டி என்பது உள்ளங்கை அளவு தகர டப்பா. பிளக்கில் செருகினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதன் கடமை அதோடு முடிந்தது. சேனல் எல்லார் வீட்டிலும் வந்தது. ஆனால் பொட்டி வைத்திருந்தவர்கள் அதற்குப் பூவேலை செய்த துணி போர்த்தி டிவி மேல் வைத்துக் கதவைத் திறந்துவைத்துப் பார்த்தார்கள். பொட்டி இல்லாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பொட்டியைப் பார்த்தார்கள்; பிறகுதான் பெண்ணை.

நாடகம் புரிந்ததா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது நாகரிகமில்லை. டிவிக்குள் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் சிரித்தால் ஆம்பூரும் சிரித்தது. அது நிறுத்தினால் இதுவும் நிறுத்தியது. கம்பெனிச் சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வந்து பழகிய ஊருக்கு இது சிரமமாக இல்லை.

லண்டனில் சேனல் வேகமாக 'வளர்ந்தது'. அதாவது, வருஷத்துக்கு ஒரு பெயர் மாற்றியது. ஜூபிலி ஒன், ஜூபிலி கோல்டு ஆயிற்று. பிறகு ஜூபிலி பிளஸ். கடைசியில் காலத்துக்கேற்பச் சுருங்கி வெறும் 'ஜூ' ஆயிற்று. நாடகம் மட்டும் மாறவில்லை. பீட்டரின் ஃபேக்ஸ் வந்ததும் பாஷாவும் போர்டை மாற்றி எழுதினார்.

"இன்னா பாய், ஜூன்னு பேர் வெச்சுட்டு ஒரு கரடி கூட காட்ட மாட்றீங்க?" என்று ஒரு சந்தாதாரர் புகார் செய்தார்.

"வரும் சார். கூண்டு ரெடியாவுது" என்றார் பாஷா.

புகழ் இப்படி உச்சத்தில் இருந்தபோது, 2001இல், ஷூ வாங்கும் நிறுவனம் தொழிலாளர் நலனைப் பற்றி ஒரு வீடியோ கேட்டது. பொது மேலாளர் வேதாசலம் ஒரே நாளில் நலனை ஏற்பாடு செய்தார். பசை ஒட்டும் பிரிவுப் பெண்களுக்குப் புத்தம்புதுக் கையுறையும் முகமூடியும் வந்தன. டைம் கீப்பர் சாமிநாதன் வெள்ளைக் கோட்டு மாட்டி டாக்டரானார். ஆளுக்கொரு தட்டு பிரியாணி வந்தது; படமெடுத்து முடிந்ததும் அது ஆபீஸ் அறைக்குத் திரும்பியது. கையுறைகள் சாயந்திரமே ஜோடி குறையாமல் ஸ்டோருக்குத் திரும்பின. இங்கிலீஷ் விளக்கவுரையை எழுதி, தம் கனிந்த குரலில் பேசியவர் ஞானமுத்து.

கேசட்டின் மேல் 'யூ.கே.' என்று எழுதி, தன் மேஜையில் இருந்த அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தார். யூ.கே.விலிருந்து வந்த நான்கு கேசட்டுகளும் அதே பெட்டியில் இருந்தன. சனிக்கிழமை வந்த பாஷா ஐந்தையும் அள்ளிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஞானமுத்துவும் மனைவி தேவகிருபையும் வீடு திரும்பி டிவியைப் போட்டார்கள். தேவகிருபை வேலூரில் ஒரு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு நர்ஸ். திரையில் வெள்ளைக் கையுறைகள் வரிசையாகப் பசை தடவிக்கொண்டிருந்தன. பின்னால் ஞானமுத்துவின் குரல், ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரந்தோறும் புதுக் கையுறை வழங்கப்படுவதாக இங்கிலாந்துக்கு அறிவித்தது.

முதலில் பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். அப்புறம் எதிர் வீட்டில். சாமிநாதன் ஸ்டெதாஸ்கோப்பை நெற்றியில் வைத்துப் பார்த்தபோது தெருவே சிரித்தது. டிவிக்குள் யாரும் சிரிக்காமலேயே ஊர் சிரித்தது அன்றுதான். மக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஜனநாயகவாதியான பாஷா சாயந்திரத்துக்குள் அதை மூன்று முறை போட்டார்.

தேவகிருபை சிரிக்கவில்லை.

"இது உங்க குரல்தான?"

"கம்பெனி சொன்னத பேசினேன்."

"எழுதினதும் நீங்கதான? வாரத்துக்கு நாலு பேர் உங்க கம்பெனிலேர்ந்து வர்றாங்க. வெரல் இடுக்கெல்லாம் வெடிச்சுப் போய். கட்டு போடறது நான்."

ஞானமுத்து எழுந்துபோய் டிவியை அணைத்தார். குரல் பக்கத்து வீட்டிலிருந்து தொடர்ந்து கேட்டது.

திங்கள் காலை பசைப் பிரிவுப் பெண்கள் பதினெட்டுப் பேர் மேலாளர் அறைக்கு வந்தார்கள். பூங்குழலி முன்னால் நின்றாள்.

"டிவில குடுத்த கிளவுஸ எங்களுக்கும் குடுங்க சார்."

"அது படம்மா" என்றார் வேதாசலம்.

"படத்துல இருக்கறது நான்தான சார்."

"நல்லா நடிச்சிருந்த. அதுக்குத் தேங்க்ஸ்."

"நடிக்கல சார். அன்னிக்கு ஒரு நாள்தான் கை எரியாம வேலை செஞ்சேன்."

வேதாசலம் மூலையில் நின்ற ஞானமுத்துவைப் பார்த்தார். ஞானமுத்து பூங்குழலியின் விரல்களைப் பார்த்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தார்.

அன்று மாலையே வேதாசலம் தலைமையில் கம்பெனி அதிகாரிகளின் அவசரக் கூட்டம் கூடியது. 'அந்நியக் கலாச்சாரத்தால் தொழிலாளர்களின் ஒழுக்கம் சீரழிவதைக் கருத்தில் கொண்டு' சேனலை நிறுத்த வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அதன் வரலாற்றிலேயே ஆம்பூரைக் காட்டிய ஒரே நாளுக்காக இந்தக் குற்றச்சாட்டு. தீர்மானத்தை நல்ல நடையில் எழுதியவரும் ஞானமுத்துதான். ஜான் பாஷா சேனலை நிறுத்தினார்; பொட்டிகளைத் திரும்பக் கேட்கவில்லை. அவை இன்றும் பல வீடுகளில் எரிகின்றன. கையுறைகள் ஸ்டோரில் பத்திரமாக இருந்தன.

பாஷாவிடமிருந்து திரும்பி வந்த வீடியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. வாங்குபவர்கள் நெகிழ்ந்துபோய்ப் பாராட்டுக் கடிதம் எழுதினார்கள். விளக்கம் சொன்னவரின் குரலில் இருந்த 'நேர்மை'யைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். ஞானமுத்து மேனேஜரானார். தேவகிருபை கடிதத்தை வாசித்து, மடித்து வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து பீட்டரின் ஃபேக்ஸ் வந்தது. 'ஜூ'வைப் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கி மூடிவிட்டதாம். பார்ப்பதற்கு ஆளில்லை என்று காரணம் சொன்னார்களாம். ஆம்பூரிலும் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன், உங்களுக்கு என்ன காரணம் என்று கேட்டிருந்தார்.

பீட்டரின் ஃபேக்ஸ் மெஷின் ஷூ வாங்குபவர்களின் ஆபீஸில்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஞானமுத்து காலையிலிருந்து ஏழெட்டுத் தாள்களைக் கிழித்துப் போட்டார். மத்தியானம் ஒரே ஒரு வரியை டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, தானே மெஷினில் செருகினார்.

"இங்கே எல்லோரும் பார்த்துவிட்டார்கள்."