சக்குலி என்றால் செதில்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நான் செய்த பாம்பைப் பார்த்து ஒரு குரங்குக் குட்டிகூட நடுங்கவில்லை. இதை வெளியே சொல்லும் தைரியம் எனக்கு ஆறு வருடம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறது. (வீட்டில் உள்ளவர்கள் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது வேறு.)

அப்போது நான் தருமபுரியில் ஒரு அச்சுப் பட்டறையில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களை வார்த்தெடுக்கும் உலோக அச்சுகள் செய்யும் பட்டறை. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவளைப் பில் அடிக்க வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஓயாத மனக்குறை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சி.என்.சி. மெஷின் தானாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் கட்டர் எந்த வழியாகப் போய் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பாதை போட்டுக் கொடுப்பவர்தான் புரோகிராமர். இருந்த புரோகிராமர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட, அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. மதியம் சாப்பிட்டதும் அதில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். (அது சுற்றும். பில் அடிக்கிற நாற்காலி சுற்றாது.)

அந்த நேரத்தில்தான் மாரண்டஹள்ளியில் தக்காளி போட்டிருந்த அந்தோணி சித்தப்பா போன் செய்தார். குரங்குத் தொல்லையாம். திருவிழாக் கடையில் ஒரு ரப்பர் பாம்பு வாங்கி வரப்பில் போட்டிருக்கிறார். நாலு நாள் ஒரு குரங்கும் அண்டவில்லை. ஐந்தாம் நாள் பாம்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"அக்கம்பக்கத்துக் காட்டுக்காரங்களுக்கும் சேத்து நாப்பது பாம்பு வேணும் ஸ்டெல்லா. உங்க பட்டறையில அச்சு போடுவாங்களா?"

"போடுவாங்களாவது? நானே போட்டுத் தரேன் சித்தப்பா!"

வாய் என்னுடையதுதான். அதற்குப் பாதை போடத்தான் ஆளில்லை.

ஓனர் சேலத்துக்காரர். அளந்து பேசுவார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். "சரிம்மா. இந்த அச்சை நீயே போடு. நல்லா வந்தா அந்தச் சீட்டு உனக்கு. வரலைன்னா பில்லு."

பாம்பு சுருண்டு படுத்திருக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் உத்தரவு. அலுமினியக் கட்டையில் சுருள் சுருளாக, அரைவட்டக் குழிவோடு ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். அதில் ரப்பரை ஊற்றினால் பாம்பு. கம்ப்யூட்டரைத் திறந்தால் வெட்டும் முறைகள் ஓட்டல் மெனு மாதிரி வரிசையாக நிற்கின்றன. வாய்க்காலின் வளைவோடு கூடவே சுற்றிச் சுற்றிப் போகும் முறைக்கு ஒன்பது மணி நேரம் என்று காட்டியது. வளைவாவது நெளிவாவது என்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நேர்கோடாகவே போய் வரும் ஜிக்ஜாக் முறைக்கு மூன்று மணி நேரம். கோட்டுக்குக் கோடு இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். ஒன்றரை மணி நேரம்! இது தெரியாமல் இத்தனை காலம் உலகம் ஒன்பது மணி நேரம் வீணடித்திருக்கிறதே என்று எனக்கு உலகத்தின் மேல் இரக்கமே வந்தது.

மெஷின் ஓட்டும் முனியப்பன் அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பாம்பு எப்பிடிப் போவுதோ அப்பிடியே கட்டரும் போவ வேணாமா?"

"பாம்புக்கு நேரம் இருக்குங்கண்ணா. நமக்கு இல்ல."

ஒன்றரை மணி நேரம் கழித்து மெஷின் கதவைத் திறந்தோம். கட்டர் ஓடிய திசையிலேயே வாய்க்கால் ஓடிய இடங்களில் அதன் சுவர் படிக்கட்டாக நின்றது, நீளவாக்கில் வரி வரியாக. குறுக்கே திரும்பிய இடங்களில் வளையம் வளையமாகத் தழும்பு. சரிவான நிலத்தில் வளைவோடு உழ வேண்டும் என்பது எங்கள் வீட்டு மாட்டுக்கே தெரியும். அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

நேரம் பார்த்து ஓனர் வந்தார். வாய்க்காலை விரலால் தடவினார். "என்னம்மா இது, வரி வரியா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுற்றாத நாற்காலி தெரிந்தது.

"செதில் சார்."

"செதிலா?"

"பாம்புன்னா செதில் வேணுமில்லீங்களா? வழவழன்னு இருந்தா குரங்கு நம்பாது சார்."

ஓனர் மறுபடி தடவிப் பார்த்தார். "யோசிச்சுத்தான் பண்ணியிருக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முனியப்பன் அண்ணன் மட்டும் நகரவில்லை. "செதிலு நீட்டுவாக்குலயா இருக்கும்?" என்றார்.

"சில பாம்புக்கு இருக்கும்ணா." (எந்தப் பாம்புக்கு என்று அவர் கேட்காமல் போனது என் அதிர்ஷ்டம்.)

பக்கத்துப் பட்டறையில் முதலில் பத்துப் பாம்பு வார்த்துக் கொடுத்தார்கள். சித்தப்பா நல்லபாம்பு நிறம் கேட்டிருந்தார். வந்த நிறம், எண்ணெயில் பதமாகப் பொரித்தெடுத்த பொன்னிறம். பார்த்தபோது லேசாகப் பசித்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"செதில் எப்படி வேலை செய்யுதுன்னு நானும் வந்து பாக்கறேன்" என்று ஓனரும் காரை எடுத்துவிட்டார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

சித்தப்பா தோட்டத்தில் பத்துப் பாம்புகளையும் வரப்பில் பரப்பினோம். சித்தி காபி போட வீட்டுக்குள் போயிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக் கெம்பம்மா அக்கா வேடிக்கை பார்க்க வந்தார். அவர்கள் வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். ஒரு பாம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அய்யோ, இது ஹாவல்லம்மா, சக்குலி!" என்றார்.

ஓனர் என் பக்கம் குனிந்தார். "சக்குலின்னா என்னம்மா?"

"கன்னடத்துல செதிலுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க சார்."

"பரவால்லையே, பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டாங்களே" என்று ஓனர் மகிழ்ந்தார். சித்தப்பாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும்; ஹாவல்ல என்றால் பாம்பு இல்லை என்றும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். சொந்த ரத்தம், காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குள் புளியமரத்திலிருந்து குரங்குகள் இறங்கிவிட்டன. முன்னால் ஒரு பெரிய கடுவன். முதல் பாம்புக்கு நாலடி தள்ளி அது நின்றதும் எனக்கு உயிர் வந்தது. நாற்காலி சுற்றுகிற சத்தம் காதில் கேட்டது. கடுவன் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பக்கத்தில் வந்தது. பாம்பை எடுத்து மோந்து பார்த்து, ஓரமாக ஒரு கடி கடித்தது.

பிறகு பந்திதான். ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு ஓடின. ஒரு தாய்க்குரங்கு பிய்த்துப் பிய்த்துக் குட்டிக்கு ஊட்டப் பார்த்தது. குட்டி மென்று துப்பிவிட்டுத் தக்காளிக்குத் தாவியது.

காபித் தட்டோடு வந்த சித்தி மரத்தைப் பார்த்து அலறினார். "அடப் பாவிங்களா, தக்காளி பத்தாதுன்னு கொரங்குக்கு முறுக்கு வேற போடறீங்களா?"

"நானும் அதுதானே சொல்றேன்! சக்குலி, சக்குலின்னு!" என்றார் கெம்பம்மா அக்கா.

ஓனர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "செதில்?"

"முறுக்கு சார்" என்றேன். பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கேயே, ஜிக்ஜாக், ஒன்றரை மணி நேரம், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தேவாலயத்தில்கூட நான் அவ்வளவு முழுமையாகப் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை.

திரும்பும் வழியில் பாலக்கோடு வந்ததும் ஓனர் காரை ஓரமாக நிறுத்தினார். இறக்கிவிடப்போகிறார் என்று பையை எடுத்துக்கொண்டேன். மனிதர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு வளைவோட ஒம்போது மணி நேரம் ஓட்டு. தப்பு எல்லாரும் பண்றதுதான். பொய்க்கு மட்டும் ஒரு மாசம் பில்லு."

இரண்டாவது அச்சில் வந்த பாம்பு அசல் பாம்பு. தரையில் கிடந்ததைப் பார்த்து முனியப்பன் அண்ணனே ஒரு முறை மேஜை மேல் ஏறிவிட்டார். ஆனால் மாரண்டஹள்ளிக் குரங்குகள் ஏறவில்லை. சுருண்டு கிடப்பதெல்லாம் பலகாரம் என்று அவற்றுக்கு நான்தான் பாடம் நடத்தி முடித்துவிட்டேனே! பாம்பைக் கண்டதும் ஓடி வந்தன. அந்த வெள்ளாமை முழுக்கச் சித்தப்பா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாத பில் முடிந்ததும் சுற்றுகிற நாற்காலி எனக்கே வந்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன். பட்டறையில் ஜிக்ஜாக் முறைக்குப் பெயர் சக்குலி. "இதுக்கு வளைவோட போலாமா, சக்குலி போட்டுடலாமா?" என்று முனியப்பன் அண்ணன் முகம் மாறாமல் கேட்பார்.

எங்கள் குடும்பத்திலோ முறுக்கு என்கிற சொல்லே வழக்கொழிந்துவிட்டது. கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ் அன்று சித்தி என் கணவர் முன்னால் தட்டை நீட்டி, "செதில் எடுத்துக்குங்க மாப்ள, நம்ம வூட்டுச் செதில் மொறுமொறுன்னு இருக்கும்" என்றார். எடுக்க நீட்டிய கையைக் கணவர் அப்படியே இழுத்துக்கொண்டார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கன்னடத்துல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.