குழு குடித்த கஷாயம்

அன்று மருத்துவமனைக் குழு அறையில் இருந்தவர்கள்: தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் மூவர், முத்திரை குத்தும் குமாஸ்தா ஒருவர், கழிப்பறைச் சாவி வைத்திருக்கும் காவலாளி ஒருவர், நோயாளியான தையற்காரர், அவருடைய மைத்துனர். ஆக எட்டுப் பேர். கழிப்பறை ஒன்று.

தையற்காரருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். வியாழக்கிழமை பைக்குள் மருந்து ஏற்ற வேண்டும். "வேற ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாத மனிதர், "மைத்துனன் காய்ச்சுற மூலிகைக் கஷாயம், தினம் ரெண்டு மடக்கு" என்று சொல்லிவிட்டார். மருத்துவர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார். அங்கேதான் பிடித்தது சனி. நிறுத்தியதற்கு மூலிகைத் துணைச் சிகிச்சைக் குழுவின் முத்திரை வேண்டுமாம்; அது இல்லாமல் மருந்து இல்லையாம்.

"நிறுத்தினது சரியான்னு எப்படிச் சொல்றது? கஷாயம் நல்லதா கெட்டதான்னு முதல்ல தெரியணுமே" என்றார் தலைவர்.

"அதான் நிறுத்திட்டேனே, ஐயா."

"நிறுத்தினவர் வாக்குமூலம் செல்லாது. குடிக்கிறவங்க சொல்லணும்."

மைத்துனர் கொண்டுவந்திருந்த கஷாயக் கேனைத் திறந்து எட்டுக் குவளைகளில் ஊற்றினார். "குடிச்சுப் பாருங்க சார். பையைக் கழுவிக் கவுத்த மாதிரி இருக்கும்."

குழு தன் கடமையை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆற்றியது. குமாஸ்தாவும் குடித்தார். காவலாளி ஓசியில் கிடைத்த எதையும் விட்டதில்லை. மைத்துனர் மற்றவர்கள் நம்புவதற்காகக் குடித்தார். தையற்காரர் மட்டும் தொடவில்லை.

பத்தாவது நிமிடம் காவலாளி எழுந்தார். சாவியோடு கழிப்பறைக்குள் போனவர் தாழிட்டுக்கொண்டார். உறுப்பினர் மூவரும் கதவருகே வரிசையில் நின்று, பணிமூப்பில் யார் முந்தியவர் என்று வழக்காடினார்கள். மைத்துனர் படியிறங்கித் தெருவுக்கு ஓடினார்.

"மூச்சை மெதுவா விடுங்க ஐயா, பழகிடும்" என்றார் தையற்காரர், அனுபவஸ்தராக.

தலைவர் கால்மேல் கால் போட்டார், மாற்றிப் போட்டார். குமாஸ்தா ஒற்றைக்காலில் நின்று, "நாலு பேர் உட்கார்ந்தாத்தான் சார் கூட்டம் செல்லும்" என்றார்.

"உட்காரத்தான்யா முடியல. இருக்கிற கோப்புல எல்லாம் குத்தித் தொலை."

டப், டப், டப். ஆறு மாதமாகத் தூங்கிய முப்பத்தொரு கோப்புகளும் ஒரே நிமிடத்தில் கண்விழித்தன. தையற்காரர் எண்ணினார், இருபத்தேழாவது அவருடையது.

கூட்டக் குறிப்பு இப்படி முடிந்தது: "மேற்படி மூலிகை நோயைத் தீர்க்குமா என்பது தெரியவரவில்லை. கோப்பைத் தீர்க்கும்."

வெளியே காத்திருந்த நோயாளிகள், திரும்பி வந்த மைத்துனரைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்களுக்கும் ஒரு கேன் காய்ச்சிக் குடுங்க. எங்களுக்கில்ல, ஆபீசுக்கு."

மைத்துனர் உள்ளே வந்து மேசையில் நிரம்பியிருந்த ஒரே குவளையைப் பார்த்தார். "மாமா, நீங்க குடிக்காததைக் கொட்டிடவா?"

"வேணாம்டா. வியாழக்கிழமை இன்னொரு கையெழுத்து பாக்கி இருக்கு."

தையற்காரர் குவளையைச் சிந்தாமல் மூடி, பைக்குள் வைத்துக்கொண்டார். எட்டில் ஏழு காலி. மீதம் ஒன்று.