பம்பு பாயும் என் தலை எண்ணெயும்

புஸ்... க். புஸ்... க். எங்காவது சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டால் என் கை தானாக உச்சந்தலைக்குப் போய்விடும். காரணம், பம்பு பாய். படகையே புரட்டிப்போடும் காற்று வீசுகிற பாம்பனில், காற்றுக்குத் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

முழ நீளக் கைப்பம்பு ஒன்று, கயிறு கட்டி, எந்நேரமும் அவர் தோளில் தொங்கும். கல்யாணப் பந்தலிலும் தொங்கும். சொந்தமாகச் சைக்கிள் கிடையாது.

"சைக்கிளே இல்லாம பம்பு எதுக்கு பாய்?"

"குடை வச்சிருக்கவனெல்லாம் மழையவும் வீட்டுலயா வச்சிருக்கான்?"

கருவாடு காயும் இடத்தில் மட்டும் அடிக்க மாட்டார். வண்டியை அப்பால் தள்ளிவரச் சொல்வார். "இந்த வாடைய உள்ள அடைச்சுவிட்டா, ராம்நாட்டுல போயி பஞ்சராகையில அங்கன உள்ளவுக என்னைய ஏசுவாக."

கடல் பாலத்துக்கு அக்கரையில், மண்டபம் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். பாம்பன் ஐஸ் கம்பெனியில் நான் வேலையாக இருந்த காலையில் போன் வந்தது: வலி கண்டுவிட்டது, பிள்ளை திரும்பவில்லை, ஆபரேஷன் செய்ய நேரலாம். பஸ் அப்போதுதான் போயிருந்தது. இரவல் சைக்கிளில் பறந்தேன். பாலத்து முனையில் பின்சக்கரம் காற்றிறங்கித் தரை தட்டியது.

எங்கிருந்தோ முளைத்த பாய், குந்தி உட்கார்ந்து அடித்தார். பிடி சல்லென்று உள்ளே போனது, டயர் அசையவில்லை.

"வாஷர் காஞ்சு போச்சு தம்பி." சாவகாசமாகப் பம்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார். கம்பி முனையில் குட்டிக் கிண்ணம் போல ஒரு தோல்.

"பாய், அங்கன ஆஸ்பத்திரியில பிள்ளை வலியில அவ துடிச்சுக்கிட்டிருக்கா!"

"இங்கன பாருங்க. தள்ளுறப்ப இந்தத் தோலு விரிஞ்சு குழாய அடைக்கணும். அப்பத்தான் காத்து வேற போக்கில்லாம டயருக்குள்ள போகும். இழுக்குறப்ப சுருங்கி, புதுக்காத்துக்கு வழி விடணும். இது வெறைச்சுக் கெடக்கு, காத்து ஓரமாத் திரும்பி ஓடிருது. எண்ணெ வேணும். தலையக் குனிங்க."

"எதுக்கு?"

"குனிங்கங்கறேன்!"

காலையில்தான் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தேய்த்து வாரியிருந்தேன். அந்தத் தலையில் தோலை வைத்து, பாத்திரம் துலக்குவதுபோல் உருட்டி உருட்டித் தேய்த்தார். எதிரே வந்த மீன் வண்டிக்காரன், "என்ன பாய், பேன் பாக்குறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறுபடி மாட்டி அடித்தார். இப்போது பிடி முரண்டு பிடித்தது. டயர் மெல்ல மெல்ல நெஞ்சை நிமிர்த்தியது.

நான் மண்டபம் சேர்ந்தபோது, கத்தி படாமலே மகள் பிறந்திருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். கடலே ஒருமுறை பெருமூச்சு விட்டு அடங்கியது போலிருந்தது எனக்கு. தலையெல்லாம் கறுப்பு மசியோடு நின்ற என்னைப் பார்த்து, அந்த அசதியிலும் என் மனைவி சிரித்தாள்.

அன்று காலை, பாலத்து முனையில் நான் ஏறி மிதிக்குமுன், பாய் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு என் முதுகில் கை வைத்துச் சொன்னார்:

"பாலத்துல காத்து எதுத்து அடிக்கும். அத ஏசாமப் போங்க தம்பி. ஒங்க பிள்ளை மொத மூச்சு இழுக்கப் போறது அதுலதான்."