இடது கால் பெருவிரல் பெண் பார்த்த கதை

என் கல்யாணத்தை முடித்துவைத்தது என் இடது கால் பெருவிரல்தான். வெளியே சொல்ல இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். டி-சர்ட் கழுத்தை வட்டமாக வெட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. (கொஞ்சம் என்பது அடக்கத்துக்காகச் சொன்னது.) அந்தக் கர்வத்தில் கால் நகத்தையும் அப்படியேதான் வெட்டுவேன். பிசிறு வெட்டும் டிரிம்மரை வைத்து, ஓரங்களைத் தோண்டி, அழகான வளைவாக. நகம் சதைக்குள் இறங்கி விரல் கொய்யாப்பழமாக வீங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஊத்துக்குளிக்குப் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாளும் இன்னும் கொஞ்சம் தோண்டினேன். போதாததற்குப் புது ஷூ வேறு.

இரண்டு வருடமாகத் தட்டித் தட்டிப் போனதில் பொருந்திவந்த ஒரே ஜாதகம் அது. ஃபோட்டோவிலேயே பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. அந்த வீட்டுக்குள் நான் சாக்ஸோடு நொண்டி நொண்டி நுழைந்தேன். ஊனத்தை மறைக்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். அம்மா பெண்களிடம், பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த கால் என்றார். அதே நேரம் என் மாமா ஆண்களிடம், பைக்கில் இருந்து விழுந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்பவர். அவர் நேராக என்னிடமே திரும்பி, காலுக்கு என்ன என்று கேட்டார். அம்மாவைக் காட்டிக்கொடுப்பதா, மாமாவைக் காட்டிக்கொடுப்பதா என்று குழம்பி, இருவரையும் காப்பாற்றினேன்.

"பழனிக்கு நடந்து போறப்ப பைக்குல இருந்து உழுந்துட்டேனுங்க."

அவர் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மாட்டுக் குளம்பைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கன்னுக்குட்டி குளம்பக்கூட இப்படித் தோண்ட மாட்டோமுங்க. நகத்த நேரா வெட்டோணும். ஷூவும் இறுக்கமாப் போடக்கூடாது. நாளைக்கே டாக்டர்கிட்டப் போயிருங்க."

காபி கொண்டுவர வேண்டிய பெண் ஒரு பேசின் நிறைய வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரோடு வந்தாள். அவள் அப்பா என் காலைக் கழுவினார். எங்கள் பக்கம் மொத்தமும் குழம்பியது இங்கேதான். மாப்பிள்ளை காலைப் பெண் வீட்டார் கழுவுவது கல்யாணச் சடங்கல்லவா? அப்படியென்றால் சம்மதம்தானே? மாமா அம்மாவைப் பார்த்தார், அம்மா மாமாவைப் பார்த்தார். பிறகு அம்மா, கையோடு கொண்டுவந்திருந்த மல்லிகையை எடுத்துப் பெண்ணின் தலையில் வைத்தேவிட்டார்.

அவள் பேசினைக் கீழே வைத்தாள். "பூ வச்சது செரிங்க. என்னைய யாரும் ஒண்ணுமே கேக்கலீங்களே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வலி கொறஞ்சிருக்குதுங்க" என்றேன். (வேறென்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.)

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இனி நகத்த நேரா வெட்டுவீங்களா?"

"வெட்டறேனுங்க."

"அப்ப எனக்குச் சம்மதமுங்க."

கல்யாணத்தன்று சடங்குக்காக என் காலைக் கழுவ உட்கார்ந்த மாமனார், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் பெருவிரலைத்தான் பார்த்தார். மண்டபமே காத்திருந்தது. செரிங்க, தாலி கட்டலாமுங்க என்று அவர் சொன்ன பிறகுதான் மேளக்காரர் அசைந்தார். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தால், என்ன வேலை, எவ்வளவு தோட்டம் என்றெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, "சாக்ஸக் கழட்டிப் பாத்தீங்களா?"