கொசுறாகப் போட்ட இரண்டாவது ஆன்டிவைரஸ்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தங்கம் அக்காவுக்கு,

தம்பி நல்லசிவம் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நானும் கடையும் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் கடிதம்.

தாரணிக்குத் துணையாக பெசன்ட் நகரில் வந்து தங்கப்போவதாகச் சொன்னாய். தாயில்லாப் பிள்ளை வேலை கிடைத்த கையோடு தனியாக வீடெடுத்துவிட்டாளே என்ற உன் கவலை புரிகிறது. ஆனாலும் நீ வரவேண்டாம் அக்கா. காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

ரிப்பேருக்கு வரும் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைரஸ் புகாமல் காவல் காக்கும் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டுத் தர ஆரம்பித்தேன். வாடிக்கையா வர்ற விசாலாக்ஷி மாமி வந்து, "காய்காரன்கூட கறிவேப்பிலையோட கொத்தமல்லியும் கொசுறு தரான், நீங்க ஒண்ணோட நிறுத்திண்டா எப்படி, இன்னொண்ணும் போட்டுடுங்கோ"ன்னாங்க. ரெண்டு கூடாதுன்னு திரையிலயே எச்சரிக்கை வருது, மாமி அதையும் பாத்துட்டு, "அது அப்படித்தான் சொல்லும், நீங்க போடுங்கோ"ன்னாங்க. மாமிகிட்ட யாரு மல்லுக்கட்டுறது, வேற கம்பெனியோடதையும் ஏத்தி விட்டேன், அவங்க போய் மாடவீதி பூரா சொல்லிட்டாங்க, வந்தவங்க எல்லாம் ரெண்டு கேட்டாங்க, எல்லாருக்கும் போட்டேன். அடுத்த வாரம் கடை வாசல்ல அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டம். கம்ப்யூட்டருக்குள்ள ஒண்ணு ஒவ்வொரு ஃபைலாத் திறந்து பாக்குது, இன்னொண்ணு அதத் திருடன்னு நெனச்சுப் பிடிக்குது. காவலுக்கு வந்த ரெண்டும் கட்டிப் புரளுதுங்க, நடுவுல மாமியால பேத்தி கல்யாணப் போட்டோவத் திறக்க முடியல. எல்லாத்துலயும் ஒண்ண எடுத்தேன், கம்ப்யூட்டர் மூச்சு விட்டுச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. தாரணியப் பாத்துக்க பெத்தவன் நான் ஒருத்தன் இருக்கேன். கடைய அடைச்சதும் பீச் காத்து வாங்குற சாக்குல தெனமும் போயிருவேன். என்ன சாப்பிட்ட, யாரு வந்தா, தாழ்ப்பா சரியா விழுதான்னு கேட்டுட்டு வருவேன். வராதீங்கன்னு அவ சொல்றதில்ல, பதில் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கிட்டே வருது. நீயும் வந்து அதையே கேட்டா பிள்ளை வாயவே திறக்காது. எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். அவ ஏங்கிட்ட பேசுறத நிறுத்திட்டா நான் தாங்க மாட்டேன்க்கா.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அங்கே குற்றாலநாதரும் இங்கே கபாலீஸ்வரரும் ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிடாம நம்மளக் காக்கட்டும்.

அன்புத் தம்பி,
நல்லசிவம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தாரணி கடைக்கு வந்தாள். உன்னை வரச் சொன்னதே அவள்தானாம், என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினாளாமே. ஏம்மான்னு கேட்டேன். "அத்தை கூட இருந்தா நீங்க தெனமும் வரவேணாம்லப்பா"ன்னா. கோவமாக்கூடச் சொல்லல. நீ கிளம்பி வந்துரு அக்கா. வந்து கொஞ்ச நாள் கழிச்சு, ஞாயித்துக்கிழமை மட்டும் நான் வரலாமான்னு அவகிட்ட நீயே கேட்டுச் சொல்லு.